பிறர் முன்னோரைத் தேடிக் கொடுத்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் சென்று இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைவடைகிறது. நினைவுப் பூசைக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அண்ணனோடு ரயில்வே சரக்கு ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கும் அவருடைய தங்கையாகிய நான் எழுதிக்கொள்வது.

"நீங்கதான் எழுதணும். நான் இந்த ஊட்டுக்கு வர்றதுக்கு முந்தி நடந்ததெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்" என்று அண்ணி என்னிடம் சொன்னார். அந்த வார்த்தை எனக்கு இனித்தது. ஏன் இனித்தது என்பதை மறைக்காமல் சொன்னால்தான் நான் எழுதுவது உண்மையாக இருக்கும். நான் என் அண்ணனைப் பார்த்தும், அவர் அன்பு வைத்த மற்றவர்களைப் பார்த்தும் இத்தனை வருஷமும் பொறாமைப்பட்டவள். நினைவு மலரில் அச்சேறக் கூடாத சொல் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அதை விட்டுவிட்டு அண்ணனுடைய பெருந்தன்மையை மட்டும் எழுதினால், அவர் எதையெல்லாம் பொறுத்துக்கொண்டார் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அண்ணன் சேலம் பட்டணத்தில், கோவிலுக்குப் பின்புறத் தெருவில் பிறந்தார். எங்கள் அப்பா மிஷன் தச்சுப் பட்டறையில் வேலை பார்த்தவர். அப்பாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது, ஊர் கிடையாது. தாது வருஷத்துப் பஞ்சத்தில் கிடைத்த குழந்தை என்று சாமியார்கள் எடுத்து வளர்த்தார்கள். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. பெரிய திருநாளுக்கு அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஓமலூரிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். எங்கள் வீட்டு வாசலில் எந்த வண்டியும் நின்றதில்லை. அம்மாவின் பக்கமும் அப்படித்தான். அவரும் கன்னியர் மடத்தில் வளர்ந்தவர். பலகாரத்தைச் செய்து வைத்துவிட்டு நாங்கள் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம்.

எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அண்ணனைக் குருமடத்தில் சேர்த்தார்கள். அவருக்கு அப்போது பன்னிரண்டு. தெருவே கூடி வழியனுப்பியது. ஒரு பையன் சாமியார் ஆகப் போகிறான் என்றால் அந்த வீட்டுக்கு எவ்வளவு மரியாதை என்பதை அன்று பார்த்தேன். அவர் எழுதும் கடிதங்களை அம்மா செபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு தெருவில் எல்லோருக்கும் படித்துக் காட்டுவார். நான் எழுத்துக் கூட்டி எழுதிய முதல் வரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அந்த வயதிலேயே எனக்கு அண்ணன் மேல் ஒரு கடுப்பு இருந்தது.

நான்கு ஆண்டு கழித்து விஷஜுரத்தில் அப்பா இறந்தார். அடக்கத்துக்கு வந்த அண்ணன் குருமடத்துக்குத் திரும்பவில்லை. அவர் அங்கிருந்து கொண்டு வந்தது கொஞ்சம் லத்தீன், நல்ல இங்கிலீஷ், அழகாக மடித்த இரண்டு வெள்ளை அங்கிகள். அங்கிகளை அம்மா வெட்டி எனக்குப் பாவாடை தைத்தார். அண்ணன் ஜங்ஷனில் சரக்கு ஆபீசில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்க இத்தனை படிப்பு" என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், "அவ கையெழுத்தைப் பாருங்க, என்னுதைக் காட்டியும் நல்லா இருக்கு" என்று பதில் சொல்லி என்னை ஆசிரியைப் பயிற்சி வரைக்கும் படிக்க வைத்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்த அன்று அவர் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை அவருடைய கலியாணத்திலும் நான் பார்த்ததில்லை. இவ்வளவும் செய்த அண்ணன் மேல்தான் நான் பொறாமைப்பட்டேன் என்பதைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் அண்ணன் கோவில் ஆபீசில் உட்கார்ந்து, கரையான் அரித்த பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புது நோட்டில் பெயர்த்து எழுதுவார். பிரெஞ்சுக்காரச் சாமியார்கள் நம் பெயர்களைக் காதில் விழுந்தபடி லத்தீன் எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அதைப் படித்து இன்னார் என்று கண்டுபிடிப்பதில் அண்ணனுக்கு ஒரு சாமர்த்தியம் இருந்தது. அந்தச் சாமர்த்தியத்தைக் கேள்விப்பட்டுத்தான் டாக்கர்ட்டி துரை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

துரை ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். சூரமங்கலத்தில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். அவர் மனைவியை இங்கேதான் அடக்கம் செய்திருந்ததால் சீமைக்குத் திரும்பிப் போகவில்லை. பிள்ளைகள் இல்லை. அவர் பெயரை டாக்டர் துரை என்று ஊரில் பிசகாகச் சொல்லப் போய், காய்ச்சல்காரர்கள் அவர் வாசலில் வந்து நிற்பதுண்டு. அவரும் விரட்டாமல் கொயினா மாத்திரை கொடுத்து அனுப்புவார். நெடுங்காலம் எஞ்சின் நெருப்பைப் பார்த்ததால் கண் மங்கிவிட்டது என்பார். படிப்பதும் எழுதுவதும் அவரால் முடியவில்லை.

அவர் பிறந்தது ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பட்டணத்தில். ஆனால் அவருடைய தாத்தா அந்த ஊர்க்காரர் அல்ல. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி ஜனங்கள் பட்டினியால் செத்த பஞ்சத்தின்போது கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் பிழைக்க வந்தவர். எந்த ஊரிலிருந்து வந்தார், அவருடைய தாய் தந்தை யார், கூடப் பிறந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று துரைக்குத் தெரியாது. "சாகறதுக்கு முன்னாடி எங்க ஊர் பேர் தெரியணும்" என்று தன் கொச்சைத் தமிழில் அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் உடனே ஒப்புக்கொண்டார். அன்று முதல் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை மாலைகள் துரைக்குப் போய்விட்டன. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். அம்மா காப்பி கொடுப்பார். சின்ன வயதில் கேட்ட ஒவ்வொரு துணுக்கையும் அண்ணன் அவரிடம் கேட்டு வாங்குவார். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், பாட்டியின் பெயர் பிரிஜிட், அவர்களுக்குக் கலியாணமான கோவில் ஆற்றங்கரையில் இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சேரும். அண்ணன் அதை வைத்துக் கடிதத்துக்கு நகல் எழுதுவார். அதை நல்ல தாளில் திருத்தமாக எழுதுவது என் வேலை.

என் வேலை என்று நான் ஒப்புக்கொண்டு செய்ததல்ல. "சாமி, இதைக் கொஞ்சம் எழுதிக் குடுத்துரு" என்பார் அண்ணன்; என்னைச் செல்லமாகச் சாமி என்றுதான் கூப்பிடுவார். எழுதிக் கொடுப்பேன். துரை அந்தத் தாளைக் கண்ணருகே பிடித்துப் பார்த்து, "உன் அண்ணன் ரொம்பப் பெரிய மூளை" என்பார். அந்தக் கையெழுத்து யாருடையது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கிளாஸ்கோ கோவில் சாமியாரிடமிருந்து முதல் பதில் வந்தது. தாத்தாவின் கலியாணப் பதிவு கிடைத்தது, அவர் டொனேகால் ஜில்லாக்காரர் என்று மட்டும் அதில் இருந்தது. அண்ணன் டொனேகாலில் உள்ள ஏழெட்டுக் கோவில்களுக்கு எழுதினார். ஒரே ஒரு சாமியார் பதில் போட்டார். ஸ்காட்லாந்தில் எழுத்து மாறிவிட்ட அந்தப் பெயர் அயர்லாந்தில் டோகர்ட்டி என்றும், அந்தப் பெயருள்ளவர்கள் தம் பங்கில் வீட்டுக்கு வீடு இருப்பதாகவும், தாத்தாவின் தாயார் பெயர் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது என்றும் எழுதியிருந்தார். துரை இதைக் கேட்டுத் தளர்ந்துபோனார். அண்ணன் தளரவில்லை. ஸ்காட்லாந்தில் ஒருவர் இறந்தால் சர்க்கார் பதிவில் அவருடைய தாய் தந்தை பெயரையும் எழுதுவார்கள் என்று யாரிடமோ விசாரித்துத் தெரிந்துகொண்டு, தாத்தாவின் மரணப் பதிவு கேட்டு மறுபடி கிளாஸ்கோவுக்கு எழுதினார். கப்பல் தபால் போய் வர இரண்டு மாதம் ஆகும். தாயார் பெயர் வந்தது. அதை வைத்து டொனேகாலுக்கு மீண்டும் ஒரு கடிதம் போனது.

எல்லாக் கடிதங்களையும் எழுதியவள் நான். ஒரு கட்டத்தில் துரையின் கொள்ளுப்பாட்டி பெயர் எனக்குத் தூக்கத்திலும் வந்தது. என் சொந்தப் பாட்டி பெயர் எனக்குத் தெரியாது. இது என் மனதில் முள்ளாகத் தைத்தது. கடல் தாண்டி ஒரு வெள்ளைக்காரருக்கு முன்னோரைத் தேடும் அண்ணன், எங்கள் அப்பாவைப் பெற்றவர்களை ஏன் தேடவில்லை? ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"நம்மளுதையும் பாக்கலாம் சாமி" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு அடுத்த நகலை எழுதக் குனிந்துவிட்டார். எனக்கு ஆத்திரம்தான் மிஞ்சியது.

அந்தச் சமயத்தில் ஓமலூரிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையும் பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்க்க வந்தவர்கள் நல்லவிதமாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா அம்மாவிடம், "உங்க ஊட்டுக்காரருக்குப் பூர்வீகம் எந்த ஊருங்க? பங்காளிங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டார்.

"அவரு மடத்துல வளர்ந்தவருங்க" என்றார் அம்மா.

"உங்களுக்குங்க?"

"நானும் அப்படித்தானுங்க."

அந்த அம்மாள் தட்டிலிருந்து எடுத்த பலகாரத்தை மெதுவாகத் திரும்ப வைத்தார். "யோசிச்சுச் சொல்லி உடறோமுங்க" என்று எழுந்து போனார்கள். பத்து நாள் கழித்து, சரிப்பட்டு வராது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தச் செய்தி வந்தது ஒரு சனிக்கிழமை. அண்ணன் ஆபீசில் இருந்தார். அம்மா கோவிலுக்குப் போயிருந்தார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது தபால்காரர் வந்து ஒரு கவரைக் கையில் கொடுத்தார். பச்சைத் தபால்தலை, அயர்லாந்து முத்திரை. டொனேகால் சாமியாரின் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். கவர் கனமாக இருந்தது. விஷயம் கிடைத்துவிட்டது என்று தொட்டவுடனே புரிந்தது. துரைக்கு ஊர் கிடைத்துவிட்டது, பங்காளிகள் கிடைத்துவிட்டார்கள். எனக்கு ஊர் இல்லை என்று சொன்னவர்களின் ஆள் இப்போதுதான் தெருமுனை திரும்பியிருக்கிறார்.

நான் கவரை உள்ளே எடுத்துப் போய் என் தகரப் பெட்டியில், பள்ளி நோட்டுகளுக்கு அடியில் வைத்தேன்.

ஒரு நாள் இருக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் துரை வழக்கம்போல வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "கடுதாசி?" என்றார். "இன்னும் வரலைங்க துரை" என்றார் அண்ணன். அவர் முகம் வாடியதைப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. அந்தத் திருப்தியை நினைத்தால் இன்றும் கூசுகிறது. வாரங்கள் போயின. தபசு காலம் வந்தது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், இதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு துரைக்குக் காய்ச்சல் கண்டது. இருமலும் சேர்ந்தது. அவர் வருவது நின்று, அண்ணன் தினமும் ஆபீஸ் முடிந்து சூரமங்கலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இன்னைக்கும் அதையேதான் கேட்டாரு" என்று அம்மாவிடம் சொல்வார். நான் காதில் விழாததுபோல் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருப்பேன்.

கவர் வந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து வந்ததும் அண்ணன் ஒரு நகலை என் முன் வைத்தார். டொனேகால் சாமியாருக்கு நினைவூட்டல். முதல் வரி இது: தங்களுக்கு நாங்கள் முன்பு எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதில் வந்து சேரவில்லை.

பேனாவை மையில் தொட்டேன். மேலே தேதியை எழுதினேன். அந்த வரியை எழுதக் கை வரவில்லை. சொல்லாமல் இருப்பது ஒன்று. என் கையெழுத்தில் அதை எழுதுவது வேறு. பேனாவை வைத்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து கவரை எடுத்து வந்து அண்ணன் முன்னால் வைத்தேன்.

அவர் தபால் முத்திரையைப் பார்த்தார். கவரைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒடைக்கலையா நீ?"

"இல்லண்ணா."

"ஏன் வெச்சிருந்தே?"

"பொறாமையா இருந்துச்சு."

அண்ணன் என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு. நீயும் வா. நீதான் படிச்சுக் காட்டணும்" என்றார்.

துரை கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தார். மிகவும் இளைத்திருந்தார். அண்ணன் கவரைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். நான் இங்கிலீஷில் படித்தேன். தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு கிடைத்துவிட்டது. தாய் தந்தை பெயர், ஞானத்தாய் பெயர், எல்லாம் இருந்தன. ஊர் கடலோரத்தில் பதினோரு வீடுகள் உள்ள ஒரு சிற்றூர். அதில் ஒரு வீட்டில் தாத்தாவின் தம்பி பேத்தி இன்னும் இருக்கிறாள். ஐந்து பேர் பிறந்த குடும்பத்தில் இரண்டு பேர் ஸ்காட்லாந்துக்குப் போனார்கள், அதன்பின் தகவல் இல்லை என்று தன் தகப்பனார் சொல்லக் கேட்டிருப்பதாக அவள் சொன்னாளாம். துரையிடமிருந்து ஒரு வரி வந்தால் மகிழ்ச்சியடைவேன், என்னிடம் குடும்பத்தார் படம் ஒன்று இருக்கிறது, அனுப்புகிறேன் என்றும் சொன்னாளாம்.

துரை ஊரின் பெயரை இரண்டு முறை சொல்லச் சொன்னார். தானும் சொல்லிப் பார்த்தார். பிறகு, "கடுதாசியில தேதி என்ன?" என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்காக அவர் பொய் சொல்லப் போவதில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கப் போவதும் இல்லை. நான்தான் சொன்னேன். "இது வந்து ரெண்டரை மாசம் ஆச்சுங்க துரை. நான் மறைச்சு வெச்சிருந்தேன்."

அவர் வெகுநேரம் என்னைப் பார்த்தார். கண் மங்கியவர் என்பதால் எவ்வளவு தெரிந்ததோ. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். போய்விடு என்பார் என்று எழுந்தேன்.

"இன்னொரு தரம் படி" என்றார் சுவரைப் பார்த்தபடியே.

படித்தேன். அன்று அந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று மாலையே அந்தப் பேத்திக்கு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எட்டாம் நாள் துரை இறந்தார். அவர் மனைவிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். பேத்தியின் பதிலும் படமும் இரண்டு மாதம் கழித்து வந்தன. நான் மறைக்காமல் இருந்திருந்தால் அந்தப் படம் துரையின் கைக்கு வந்திருக்கும். கண் மங்கியிருந்தாலும் முகத்தருகே பிடித்துப் பார்த்திருப்பார்.

சூரமங்கலத்திலிருந்து அன்று நடந்து திரும்பும்போது அண்ணனிடம் அழுதுகொண்டே கேட்டேன். "அவருக்குத் தேடுனீங்க. நமக்கு ஏன் தேடலை?"

"நமக்குத்தான் சாமி மொதல்ல தேடுனது" என்றார். "அப்பா செத்த வருசமே பார்த்துட்டேன். உனக்குச் சொல்லத் தைரியம் வரலை."

அடுத்த ஞாயிறு கோவில் ஆபீசில் அந்தப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். பஞ்ச வருஷத்து ஏடு அது. பக்கம் பக்கமாகக் குழந்தைகள். பெரும்பாலோர் பெயருக்கு எதிரே சில நாளிலேயே இறந்ததைக் காட்டும் சிலுவைக் குறி. அப்பாவின் பெயருக்கு எதிரே அண்ணன் விரலை வைத்து லத்தீனைத் தமிழாக்கிச் சொன்னார். வயது சுமார் மூன்று. பெற்றோர் தெரியாது. நாமகிரிப்பேட்டை வண்டிக்காரன் செங்கோடன் கொண்டு வந்தான்.

"அம்புட்டுத்தான். துரைக்குத் தாத்தா பேருன்னு ஒண்ணு இருந்துச்சு, அதைப் புடிச்சுக்கிட்டுப் போக முடிஞ்சுச்சு. நமக்குப் புடிக்க ஒண்ணுமில்லை. அதான் அவருதையாவது முடிச்சுக் குடுக்கலாம்னு பார்த்தேன்."

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் அண்ணன் இந்த வெறுமையைத் தனியாகச் சுமந்துகொண்டு, என் எதிரில் இன்னொருவருக்கு ஊரைத் தேடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தா நான் எரிந்துகொண்டிருந்தேன்? கடைசிப் பெயரில் விரலை வைத்து, "வண்டிக்காரர் பேரு இருக்குதேண்ணா" என்றேன். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு கெட்டிக்காரருக்கு அது தோன்றவே இல்லையாம். பெற்றவர்களைத் தேடியதில், கொண்டு வந்தவரைத் தேடலாம் என்று நினைக்கவில்லை. என் வாழ்க்கையில் அண்ணனுக்கு நான் எடுத்துச் சொன்னது அது ஒன்றுதான். அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் பெருமை உண்டு.

கோடை விடுமுறையில் ராசிபுரம் வழியாக பஸ்ஸில் நாமகிரிப்பேட்டைக்குப் போனோம். விசாரித்ததில், செங்கோடனின் வீட்டைச் சுலபமாகவே காட்டினார்கள். அவர் இறந்து பல வருஷமாகியிருந்தது. அவருடைய மருமகள் நல்லம்மாள் மஞ்சள் காயப்போட்டிருந்த களத்திலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். அண்ணன் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எங்க மாமனாரு சொல்லுவாருங்க" என்றார். "மல்லூருகிட்ட கஞ்சித்தொட்டி போட்டிருந்தாங்களாம். சேலத்துக்கு வண்டி ஓட்டிட்டுப் போறப்ப, தொட்டிக்குப் பக்கத்துல மூணு கொழந்தைங்க கெடந்துச்சாம். கூட ஆருமில்லை. எடுத்து வண்டில போட்டுக்கிட்டுப் போயி வெள்ளைக்காரச் சாமியாருகிட்ட உட்டுட்டு வந்தாராம். அதுல ஒண்ணாச்சும் பொழைச்சுதோ என்னமோன்னு சாகுறவரைக்கும் சொல்லிட்டு இருந்தாருங்க."

"ஒண்ணு பொழைச்சுதுங்க. அவரு மக்கதான் நாங்க" என்றார் அண்ணன்.

நல்லம்மாள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே கூட்டிப் போய்ச் சோறு போட்டார். அந்த வீட்டில் ஏழு தலைமுறைப் பெயர்களைச் சொன்னார்கள். குலதெய்வம் எங்கே, எந்தக் கிணறு யார் வெட்டியது, யார் யாருக்கு என்ன முறை, எல்லாம் அவர்கள் வாயில் இருந்தது. அங்கேயும் எனக்குப் பொறாமைதான். பாதியில் இலையை மடித்தேன். அண்ணன் மட்டும் சொந்த வீட்டுக்கு வந்தவர்போலக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்.

அதன்பின் ஒவ்வொரு தை மாதமும் அண்ணன் நாமகிரிப்பேட்டைக்குப் போனார். யுத்த காலத்தில் கரியில் ஓடிய பஸ் பாதி வழியில் நின்றுபோனாலும் நடந்தாவது போய்ச் சேர்ந்தார். நான் பள்ளி வேலையைச் சொல்லித் தட்டிக் கழித்தேன். எனக்குக் கலியாணம் அமையவில்லை; அதைப் பற்றிக் குறையொன்றும் இல்லை. அம்மா போனபின் அண்ணனும் அண்ணியும் என்னைத் தங்களோடே வைத்துக்கொண்டார்கள். அண்ணியும் மடத்தில் வளர்ந்தவர்தான். அவரைப் பெண் கேட்கப் போனபோது யாரும் யாரிடமும் பூர்வீகம் விசாரிக்கவில்லை. அவர்களுடைய பெண் பிள்ளைகள் இருவரையும் என்னிடம் படிக்க விட்டார் அண்ணன்.

கடைசி இரண்டு ஆண்டுகள் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. நெஞ்சு வலியை ஆபீசுக்கும் சொல்லாமல், வீட்டுக்கும் சொல்லாமல் மறைத்தார். வாயுதான் என்பார். சென்ற ஆண்டு இதே மாதம் ஒரு காலை வேளையில் ஷூவை மாட்டக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாமியார் கையால் அவஸ்தைப்பூசுதல் பெற்று, எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டே கண்மூடினார்.

அந்த நாளில் எங்களுக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஓடி வந்த பங்குச் சாமியாருக்கும், ஊசி போட்டுப் பார்த்த வைத்தியருக்கும், தெருவில் அடுப்பு மூட்டாமல் எங்களோடு இருந்த அண்டை வீட்டாருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த சரக்கு ஆபீஸ் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பச்சைத் தபால்தலை ஒட்டிய துக்கக் கடிதம் ஒன்றும் வந்தது. டொனேகாலில் அந்தப் பேத்தியின் வீட்டார் அண்ணனுக்காகப் பூசை வைத்ததாக எழுதியிருந்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே நாமகிரிப்பேட்டைக்காரர்கள் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றிருந்தார்கள். நான் போய் நல்லம்மாளிடம் பேசினேன். அவர் தேம்பிக்கொண்டே, "போன தையிலயே சொன்னாருங்க, நெஞ்சு அடிக்கடி வலிக்குதுன்னு. தங்கச்சிகிட்டச் சொல்லாதீங்க, பயந்துக்குவான்னு சொன்னாருங்க" என்றார்.

எனக்குச் சொல்லாததை அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அண்ணன் உடல் குழிக்குள் இறங்கக் காத்திருக்கும் நேரத்திலும் என் வயிறு எரிந்தது. இருந்தாலும் நல்லம்மாளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். அவர்கள் எல்லோரும் ஒரு பிடி மண் போட்ட பிறகுதான் நான் போட்டேன்.

அண்ணன் போய் ஓராண்டாகியும் அந்த எரிச்சல் என்னைவிட்டுப் போகவில்லை. போகும் என்று எனக்கும் தோன்றவில்லை. இந்த மலரை வாங்கும் உங்கள் ஒவ்வொருவரிடமும் எனக்குத் தெரியாத அண்ணன் கொஞ்சம் இருப்பார். சரக்கு ஆபீசில் மத்தியானம் சாப்பிடும்போது என்ன பேசினார், நாமகிரிப்பேட்டைக்கு நடந்த வழியில் யாரோடு வந்தார், எதற்குச் சிரித்தார் என்று நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதை நீங்களே வைத்துக்கொள்ளாதீர்கள். வந்து சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரு கடிதமாக எழுதிப் போடுங்கள். வந்த அன்றே பிரித்துப் படிப்பேன்.